வீட்டு இன்டர்நெட் மந்தமானால்: எடை எங்கே குறைகிறது என்று பார்ப்போம்



சென்ற ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை இரவு. விருதுநகரில் எங்கள் கடை வாசலில் கேரளாவுக்குப் போக வேண்டிய வத்தல் லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, லாரி தயாராக நின்றது. பில் போட்டாகி விட்டது. இ-வே பில் மட்டும்தான் பாக்கி. வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வரி உள்ள சரக்கு போனால் இ-வே பில் இல்லாமல் வண்டியை நகர்த்த முடியாது என்பது நம் அனைவருக்கும் தெரியும். வழியில் பிடித்தால் வரியைப் போல் இரு மடங்கு அபராதம். மாடியில் வீட்டில் உள்ள கம்ப்யூட்டரில்தான் நாங்கள் இந்த வேலைகளைச் செய்கிறோம். அன்றைக்கு அந்தத் திரையில் வட்டம் சுற்றிக் கொண்டே இருந்தது. ஏழரை மணிக்கு உட்கார்ந்த கணக்குப்பிள்ளை பத்தேகாலுக்கு மொட்டை மாடிக்குப் போய், செல்போன் சிக்னலைப் பிடித்து, ஒரு வழியாக பில்லை எடுத்தார். லாரி மூன்று மணி நேரம் தாமதம். மறுநாள் காலை மார்க்கெட்டுக்குச் சரக்கு போய்ச் சேரவில்லை. பார்ட்டி போனில் பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டாம்.

இது முதல் தடவை அல்ல. அதற்கு முந்தைய ஆறு மாதமாகவே இரவானால் இப்படித்தான். நாங்கள் செய்தது என்ன? கம்பெனியைத் திட்டினோம். 50 எம்.பி.பி.எஸ். திட்டத்தை 100 ஆக்கினோம், பிறகு 200 ஆக்கினோம். மாத வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. வேகம் கூடவில்லை. கணக்குப்பிள்ளைக்கு வேலை தெரியவில்லை என்று அவரையும் கடிந்து கொண்டோம். அது தவறு என்று பிறகு தெரிந்தது, அவரிடமே சொல்லியும் விட்டோம். கடைசியில் கோளாறு எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதைக் கண்டுபிடித்த விதத்தைச் சொன்னால் நம் சங்க உறுப்பினர்கள் பலருக்குப் பயன்படும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறோம். நாங்கள் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். ஆகவே எங்களுக்குப் புரிந்த பாஷையில்தான் எழுத முடியும்.

முதலில் இந்த எம்.பி.பி.எஸ். கணக்கு. இது டாக்டர் படிப்பு அல்ல. ஒரு நொடியில் எத்தனை மெகா பிட் வருகிறது என்ற அளவு. நாம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலின் அளவைப் பார்க்கும்போது அது மெகா பைட்டில் இருக்கும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்.பி.பி.எஸ். என்று விற்கிற இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகா பைட்தான் இறங்கும். "நூறு என்று சொல்லிவிட்டு பன்னிரண்டுதானே கொடுக்கிறான்" என்று சண்டைக்குப் போன நண்பர் ஒருவர் நமக்குத் தெரியும். படியில் விற்றதைக் கிலோவில் நிறுத்துப் பார்த்த கதை அது. அதில் ஏமாற்று இல்லை.

நம் தொழிலுக்கு எவ்வளவு வேகம் தேவை? நாம் நினைப்பதை விட மிகக் குறைவு. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், இ-வே பில், பேங்க் வேலை, யு.பி.ஐ. பணம் வந்த தகவல் இவையெல்லாம் துளி அளவு விவரங்கள். நல்ல தெளிவில் ஒரு சினிமா பார்க்க 5 எம்.பி.பி.எஸ். போதும். ஒரே நேரத்தில் வீட்டில் நாலு பேர் பார்த்தாலும் 20. நம் நாட்டில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகம் 2004-ல் 256 கே.பி.பி.எஸ்., அதாவது கால் எம்.பி.பி.எஸ். அளவுதான். 2023 ஜனவரியில்தான் அதை 2 எம்.பி.பி.எஸ். என்று உயர்த்தினார்கள். ஆகவே 50 வாங்கியவருக்கு இ-வே பில் பக்கம் திறக்கவில்லை என்றால், 200 வாங்கினாலும் திறக்காது. வருகிற சரக்கு வழியில் எங்கோ சிந்துகிறது என்று அர்த்தம். பெரிய லாரி பிடித்தால் சிந்துவது நிற்குமா?

இந்த எண்ணம் வந்த பிறகுதான் எங்களுக்கு வழி புலப்பட்டது. ஒரு லோடு எடை குறைந்து வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஏற்றிய இடத்தில் என்ன எடை, வே பிரிட்ஜில் என்ன எடை, நம் குடோனில் இறக்கியபோது என்ன எடை என்று மூன்று சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். எந்த இரண்டு சீட்டுக்கு நடுவில் குறைந்ததோ அங்கேதான் திருட்டு. இன்டர்நெட்டுக்கும் இதே முறைதான்.

கம்பெனியின் கண்ணாடி இழை வயர் வீட்டுக்குள் வந்து ஒரு பெட்டியில் சேருகிறது. அந்தப் பெட்டியிலிருந்து வைஃபையாகவோ வயராகவோ கம்ப்யூட்டருக்குப் போகிறது. பெட்டி வரைக்கும் கம்பெனி பொறுப்பு. பெட்டிக்கு இந்தப் பக்கம் பெரும்பாலும் நம் பொறுப்பு. ஆகவே ஒரு லேப்டாப்பைப் பெட்டிக்கு அருகில் கொண்டு போய், வைஃபையை அணைத்துவிட்டு, லேன் வயரைச் சொருகி வேகத்தைச் சோதிக்க வேண்டும். இது வாசல் எடை. பிறகு வயரைக் கழற்றி, நாம் வழக்கமாக உட்காரும் மேஜையில் வைஃபையில் சோதிக்க வேண்டும். இது குடோன் எடை. சோதனை செய்ய ஸ்பீட்டெஸ்ட், ஃபாஸ்ட் டாட் காம் என்று இலவச வசதிகள் உள்ளன. சோதிக்கும்போது வீட்டில் வேறு யாரும் படம் பார்க்கக் கூடாது. தராசில் கை வைத்துக் கொண்டு நிறுப்பது போல் ஆகிவிடும்.

ஒரு தடவை சோதித்துவிட்டு முடிவுக்கு வரவும் கூடாது. நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, காலை 9, மதியம் 2, இரவு 8 என்று மூன்று வேளையும் இரண்டு எடையையும் எழுதச் சொன்னோம். பக்கத்தில் "விவரம்" என்று ஒரு பத்தி. கரண்ட் போனது, மழை பெய்தது, விருந்தாளி வந்தது எதுவானாலும் அதில் எழுத வேண்டும். எங்கள் மருமகள்தான் இதைப் பொறுப்பாகப் பார்த்துக் கொண்டார்.

நாலே நாளில் நோட்டு பேச ஆரம்பித்தது. பகலில் வாசல் எடை 94. மேஜையில் வைஃபையில் 11. இரவில் வாசல் எடையே 3, 4 என்று விழுந்தது. 200-க்குப் பணம் கட்டுகிற இடத்தில் இந்த லட்சணம். ஆக, நாங்கள் ஒரு திருடனைத் தேடப் போனோம், மூன்று பேர் அகப்பட்டார்கள்.

முதலில் அந்த 94. எத்தனை தடவை பார்த்தாலும் 93, 94. அதற்கு மேல் ஏறவில்லை. இப்படி ஓர் எண் வந்து முட்டி நின்றால் அது வயரின் கோளாறு என்று சந்தேகிக்க வேண்டுமாம். லேன் வயருக்குள் எட்டுக் கம்பிகள் உள்ளன. எட்டும் சரியாக இருந்தால் 1000 எம்.பி.பி.எஸ். வரை போகும். நாலு கம்பி மட்டும் வேலை செய்தால் 100-தான் உச்சவரம்பு. போக்குவரத்துச் செலவு போக நமக்குக் கிடைப்பது 94. பல வருடங்களுக்கு முன் பில்லிங் கம்ப்யூட்டர் வைத்தபோது இழுத்த எங்கள் வயரில் நாலு கம்பியைத்தான் இணைத்திருந்தார்கள். பழைய ரூட்டர்களில் சொருகும் இடமே 100-க்குத்தான் இருக்கும். அப்படியிருந்தால் வயரை மாற்றியும் பயனில்லை. எங்களுக்கு ஒரு புது கேட்-6 வயர் போட்டதும் 190-ஐத் தாண்டியது. 200 திட்டத்துக்கு மாதாமாதம் கட்டிய கூடுதல் பணம் அதுவரை வீண்தான்.

அடுத்தது 94-க்கும் 11-க்கும் உள்ள வித்தியாசம். இது முழுக்க வைஃபையின் குற்றம். இன்னும் சரியாகச் சொன்னால் நாங்கள் பெட்டியை வைத்த இடத்தின் குற்றம். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று சாமான் அறையில் இரும்பு பீரோ மேல், நல்லெண்ணெய் டின்களுக்குப் பின்னால் வைத்திருந்தோம். வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்பும் தகரமும் அதைத் தடுத்துத் திருப்பி விடும். தண்ணீர் அதை உறிஞ்சி விடும். ஆகவே இரும்பு ஷட்டர், ஸ்டீல் ரேக், தண்ணீர்த் தொட்டி, பெரிய கண்ணாடி இவற்றின் பக்கத்தில் பெட்டி இருக்கக் கூடாது. பழைய வீடுகளின் முக்கால் முழச் சுவரும் கெடுதல்தான். அடுக்கிய மூட்டைகளும் கொஞ்சம் குடிக்கும். குடோனில் சரக்கு நிறைந்த நாளில் சிக்னல் குறைகிறது என்று ஒரு நண்பர் சொன்னபோது நாம் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

இப்போதைய பெட்டிகள் பலவற்றில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 என்பது தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், ஆனால் மெதுவானது. 5 என்பது வேகம் அதிகம், சுவருக்குப் பயந்தது. வைஃபை பெயரின் கடைசியில் 5ஜி என்று சில வீடுகளில் தெரிவது இதுதான். செல்போன் 5ஜி-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெட்டி இருக்கும் அறையில் உட்காருபவர் 5-ஐயும், இரண்டு சுவர் தள்ளி இருப்பவர் 2.4-ஐயும் பிடிப்பது நல்லது. 2.4-ல் இன்னொரு தொல்லை, எல்லோருமே அதில்தான் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே வரிசையில் இரைச்சல் போடும். நம் கடை வீதி போல நெருக்கமான இடங்களில் சந்தைக் கூச்சலில் விலை பேசுவது மாதிரி ஆகிவிடும். அதில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று உரசாதவை. எது காலியாக இருக்கிறதோ அதற்கு மாற்றிக் கொள்ளலாம். பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் ஒரு முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். அதன் வழியாக உள்ளே போய் மாற்ற வேண்டும். தெரிந்த பையனை வைத்துச் செய்து கொள்ளுங்கள், தெரியாமல் கை வைத்தால் இருப்பதும் போய்விடும்.

பெட்டியை நாங்கள் ஹாலில், ஆள் உயரத்தில், திறந்த பலகையில் வைத்தோம். 11 இருந்த மேஜையில் 60-க்குக் குறையாமல் வந்தது. செலவு ஒரு பலகை, நாலு ஆணி. கணக்குக் கம்ப்யூட்டர் ஓரிடத்தில் நிற்பதுதானே, அதற்கு வைஃபையே வேண்டாம் என்று வயரையே நிரந்தரமாகக் கொடுத்து விட்டோம். இதை நாம் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறோம்.

இனி இரவு விவகாரம். இதுதான் எங்களை ஆறு மாதம் ஆட்டி வைத்தது. இரவில் ஊரே படம் பார்க்கிறது, அதனால் நெரிசல் என்று நாங்களும் நம்பினோம், போனில் பதில் சொன்ன கம்பெனிப் பையனும் அதையே சொன்னார். நெரிசல் உண்மையிலேயே உண்டு. ஒரே கண்ணாடி இழையை வழியில் பிரித்துப் பல வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் நெரிசல் என்றால் மெல்ல மெல்லக் குறைந்து, நள்ளிரவுக்கு மேல் மெல்லக் கூட வேண்டும். எங்களுக்கு மாலை ஆறரை மணி வாக்கில் சட்டென்று விழுந்தது.

பதினோராவது நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்கே வாசல் எடை 4 என்று வந்தது. விவரம் பத்தியில் "மழை" என்று இருந்தது. அதற்கு முந்தைய புதன்கிழமை இரவு 8 மணிக்கு 94 இருந்தது. விவரத்தில் "கரண்ட் இல்லை, இன்வெர்ட்டர், ஒரே புழுக்கம்" என்று இருந்தது. மருமகள் இந்த இரண்டு வரியையும் பார்த்துவிட்டு, "மாமா, சாமான் ரூம் ஜன்னலைச் சாத்தும்போதெல்லாம் விழுது" என்றார். போய்ப் பார்த்தால் அப்படியேதான். கம்பெனி வயர் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஆறரைக்குக் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறோம். கதவு அந்த மெல்லிய வயரைச் சட்டத்தோடு நசுக்குகிறது. மழை வந்தாலும் சாத்துகிறோம். புழுக்கமான இரவில் திறந்து வைக்கிறோம். கம்பெனியும் நெரிசலும் நடுவில் எங்கே வந்தன!

கண்ணாடி இழைக்குள் போவது ஒளி. செம்புக் கம்பியை வளைத்தாலும் கரண்ட் போகும், இழையைக் கூர்மையாக வளைத்தால் ஒளி வெளியே கசிந்து விடும். அறுந்தால் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரியும், யாருக்கும் தெரிந்து விடும். பாதி நசுங்கினால்தான் ஆபத்து. இணைப்பு இருப்பது போலவே இருக்கும், ஆனால் அனுப்பிய விவரம் சிதைந்து போய்த் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அதுதான் அந்தச் சுற்றிக் கொண்டே இருக்கும் வட்டம். லைன்மேன்கள் ஒளியின் பலத்தை அளக்க ஒரு சிறு மீட்டர் வைத்திருப்பார்கள். அது மைனஸில் காட்டும். மைனஸ் 20 நல்லது, மைனஸ் 27-க்கு அப்பால் போனால் தகராறு. எங்கள் வீட்டில் ஜன்னல் சாத்தியபோது மைனஸ் 29, திறந்தபோது மைனஸ் 21. லைன்மேன் சுவரில் தனித் துளை போட்டு வயரை நேராகக் கொண்டு வந்தார். அதோடு இரவுத் தொல்லை தீர்ந்தது.

உங்கள் வீட்டிலும் வயர் வரும் பாதையைத் தெருவிலிருந்து பெட்டி வரை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். ஆணியில் இறுக்கிக் கட்டியது, கட்டில் காலுக்கு அடியில் மாட்டியது, மிச்ச வயரைச் சின்ன வளையமாகச் சுருட்டி ரப்பர் போட்டது எல்லாமே தொல்லைதான். குடோன் வழியாக வருகிறதென்றால் எலி.

மற்ற சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். கேமரா வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். படம் கடையில் உள்ள பெட்டியிலேயே பதிவானால் கவலையில்லை. இன்டர்நெட் வழியாக வெளியே போய்ப் பதிவானால் ஒவ்வொரு கேமராவும் இரவு பகலாக 2 முதல் 4 எம்.பி.பி.எஸ். வரை வெளியே அனுப்பும். அனுப்பும் வழி நிரம்பினால் வாங்கும் வழியும் தேங்கும், ஏனென்றால் வந்து சேர்ந்தது என்ற ரசீது திரும்பப் போக வேண்டுமே. பிள்ளைகளின் செல்போன்கள் கல்யாண வீட்டுப் போட்டோக்களையெல்லாம் தானாக மேலே ஏற்றும் நேரத்திலும் இப்படி ஆகும்.

வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்திருந்தால் மாற்றி விடுங்கள். எங்கள் பெட்டியில் பார்த்தபோது பத்தொன்பது கருவிகள் ஒட்டிக் கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் ஒன்பதுதான். உங்கள் திட்டத்தில் மாதத்துக்கு இத்தனை ஜி.பி. வரைதான் முழு வேகம், அதன் பிறகு குறைந்த வேகம் என்ற நிபந்தனை இருக்கலாம். மாதக் கடைசியில் மட்டும் மந்தமானால் அதை முதலில் பாருங்கள். பெட்டியை அரை நிமிடம் அணைத்துப் போடுவது மட்டமான வைத்தியமல்ல. ஆனால் தினமும் அணைத்துப் போட வேண்டியிருந்தால் அதன் அடாப்டரைச் சந்தேகியுங்கள். தளர்ந்த அடாப்டரால் பெட்டி தானாகவே அணைந்து அணைந்து எழும்.

கடையில் யு.பி.ஐ. பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் தாமதமாகப் பேசினால் வீட்டு இன்டர்நெட்டைத் திட்ட வேண்டாம். பெரும்பாலானவற்றுக்குள் தனி சிம் கார்டு இருக்கிறது. அந்தச் சிம்முக்கு டவர் கிடைக்கும் இடத்தில் ஸ்பீக்கரை வைக்க வேண்டும்.

அரசாங்கத் தளமே மந்தமாக இருக்கும் நாளும் உண்டு. வேறு இரண்டு தளங்கள் உடனே திறந்து, ஜி.எஸ்.டி. தளம் மட்டும் சுற்றினால் கோளாறு நம்மிடம் இல்லை. மாத ரிட்டர்ன் போடுபவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1 கடைசி நாள் 11, 3-பி கடைசி நாள் 20. இரண்டுக்கும் கடைசி நாள் மாலையில் நாடே ஒரே வாசலில் நிற்கும். 3-பி ஒரு நாள் பிந்தினாலும் நாளைக்கு 50 ரூபாய். மூன்று நாள் முன்னதாகப் போட்டால் நாற்பது எம்.பி.பி.எஸ். கூட ராஜவேகம்தான்.

வாசல் எடையே குறைவாக இருந்து, வயரிலும் குறையில்லை என்றால் அப்போது கம்பெனியிடம் போகலாம். வெறும் கையோடு போகாதீர்கள். "ஸ்லோவாக இருக்கிறது" என்றால் "ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்பார்கள். "பெட்டியில் நேராக வயர் சொருகி, பத்து நாள், மூன்று வேளை பார்த்தோம், இதோ எண்கள்" என்றால் ஆள் அனுப்புவார்கள். புகார் எண்ணைக் கட்டாயம் கேட்டு எழுதி வையுங்கள். 2012-ஆம் ஆண்டு டிராய் விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியிலும் புகார் மையத்துக்கு மேல் ஒரு மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. புகார் எண் இல்லாமல் அங்கே போக முடியாது. அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கி விட்டது. ஆனால் இணைப்பு வியாபாரத்துக்காக வாங்கியதா, வீட்டு உபயோகத்துக்கா என்ற கேள்வி அங்கே எழும். நம்மைப் போல் வீட்டிலேயே கடைக் கணக்கும் பார்ப்பவர்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் வரவில்லை. அடுத்த மாதமே 200 திட்டத்தை 100-க்கு இறக்கினோம். இரண்டு மாதம் மிச்சமான பணத்தில் பெட்டிக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கினோம். தை மாதம் முதல் வாரத்தில் இரவு எட்டரை மணிக்கு மீண்டும் ஒரு கேரளா லோடு. மாடியிலிருந்து பில் வந்தபோது டிரைவர் வாங்கிய டீயைக் குடித்து முடித்திருக்கவில்லை. சாமான் அறை ஜன்னல் சாத்தியே இருந்தது.